நோவும் பளுவும்

நோவைக் குறிக்க நம்மவரிடையே வழங்கும் சொற்கள் பல. நோ என்பது பொதுப்பெயர். தோட்டத்திலே மண்வெட்டி பிடித்த மறுநாட் காலையிற் கைகால் முழுவதும் கனத்துக் கிடப்பதை உளைவு என்கின்றோம். ஓரிடத்திலே ஊசி பாய்ந்தாற்போல வந்து போவது குத்து. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தசை சோர்ந்து எரிவது கடுப்பு. திரும்பவும் நிமிரவும் விடாது இறுக்கிக்கொள்வது பிடிப்பு. அது முதுகின் அடியிலே வந்துவிட்டால் நாரிப்பிடிப்பு. இச்சொற்களை ஆக்கியவர்கள் உடற்கூற்று நூல் கற்றவர்களல்லர். ஆயினும், பளுதூக்கும் வீரனொருவன் இன்று இயன்மருத்துவரிடம் சென்றால், அவர் முதன்முதற் கேட்பது இச்சொற்களுக்கிடையிலுள்ள வேறுபாட்டையே. உளைகின்றதா, குத்துகின்றதா? தூக்கும்போதா, தூக்கி முடித்த பின்னரா? மறுநாட் காலையில் எப்படி? பிசியோதெரப்பி எனப்படும் இயன்மருத்துவத்தின் பாதி வேலை இவ்வினாக்களிலே அடங்கியிருக்கின்றது.

இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பாரந்தூக்கும் விளையாட்டிலே ஈடுபடும் பிள்ளைகள் இன்று நம் பாடசாலைகளிற் பலர் உளர்; பெண்பிள்ளைகளும் பின்னிற்கவில்லை. 2006 ஆம் ஆண்டு மெல்பேர்ணில் நடைபெற்ற கொமன்வெல்த் விளையாட்டு விழாவில் 62 கிலோ பிரிவிலே சிந்தன விதானகே தங்கம் வென்றார். 2022 ஆம் ஆண்டு பேர்மிங்காமில் டிலங்க இசுறு குமார 55 கிலோ பிரிவிலே வெண்கலம் பெற்றார். பத்திரிகையிலே படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு ஆசை எழுவது இயல்பு. பெற்றோருக்கு அச்சம் எழுவதும் இயல்பே. “மாஸ்டர், இந்தப் பாரந்தூக்கிற வேலையை விடச் சொல்லி இவனுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. நாரி போனால் பிறகு ஆர் பாக்கிறது?” என்று நம்மிடம் வந்து முறையிட்ட தாய்மார் ஒருவரிருவர் அல்லர்.

அவ்வச்சம் எவ்வளவு பொருத்தமானது? சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஒலிம்பிக் முறைப் பளுதூக்கலில் ஆயிரம் மணி நேரப் பயிற்சிக்கு 2.4 முதல் 3.3 வரையான காயங்களே நேர்கின்றன. குந்தியெழுதல், படுத்தபடி தள்ளுதல், தரையிலிருந்து தூக்கி நிமிர்தல் என்னும் மூன்றையும் கொண்ட வலுதூக்கலில் அது 1.0 முதல் 4.4 வரை. ஐரோப்பியத் தொழின்முறை உதைபந்தாட்டக் கழகங்களில் அதேயளவு நேரத்துக்கு ஏறக்குறைய 8 காயங்கள். மகனை உதைபந்தாட்டத்துக்கு மகிழ்ச்சியோடு அனுப்பும் வீட்டார் பளுதூக்கலுக்கு மட்டும் முகஞ் சுளிப்பது கணக்குக்கு ஒத்துவராது. தகுந்த பயிற்றுநரின் கண்காணிப்பிலே பாரந்தூக்கினாற் பிள்ளையின் வளர்த்தி நின்றுவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

ஆனால் மற்றொரு கணக்கும் இருக்கின்றது. சுவீடனிலே வலுதூக்கும் வீரர் 104 பேரை வினவி 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவருள் 73 பேர் தமக்கு அவ்வேளையிலேயே பயிற்சியைப் பாதிக்கும் நோவோ குறையோ உண்டு என்றனர். நாரி, தோள், முழங்கால் ஆகியவையே இவ்விளையாட்டுகளில் அதிகம் நோகும் இடங்கள். ஆகவே, பளுதூக்குபவன் பெரும்பாலும் வைத்தியசாலைக் கட்டிலிலே வீழ்வதில்லை. நோவோடு கூடிக் குடித்தனம் நடத்துகின்றான். அக்குடித்தனத்தை எப்படி நடத்துவது என்பதே நாம் இங்கு ஆராய வேண்டியது.

நம் வீடுகளிலே இதற்கு இரண்டு வழிகள் உள. ஒன்று, நோ தீருமட்டும் அசையாது கிடத்தல். மற்றையது, நோவை வாய்மூடப் பண்ணிவிட்டுத் தொடர்ந்து தூக்குதல். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு போட்டி நாளன்று மாணவனொருவன் நோ மாத்திரை இரண்டை ஒரேயடியாக விழுங்கியதை நாம் கண்டோம். ஏன் என்று கேட்டபோது, “நோகாமல் இருக்கத்தான் சேர் போட்டனான்” என்றான். மறுமொழியில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தோள்மூட்டிலே இருந்த குத்து அவனுக்கு அன்று யாதொரு செய்தியும் சொல்ல முடியாது போயிற்று. இபுபுரூபன், டைக்குளோபினாக் முதலிய மாத்திரைகள் வெறுவயிற்றிலும் பலநாள் தொடர்ந்தும் உட்கொள்ளப்படுமாயின் இரைப்பையிலே புண்ணும் குருதிக்கசிவும் உண்டாதல் கூடும். எடைப்பிரிவுக்காக நீரருந்தாது உடலை வற்றவைத்திருக்கும் வீரனுக்குச் சிறுநீரகமும் இடருறும். வைத்தியர் அளந்து கொடுத்தாலன்றி அவை விளையாட்டுப் பையிலே இருக்கத்தக்க பொருள்களல்ல.

அசையாது கிடப்பதும் பயன் தருவதில்லை. தசையும் அதனை என்போடு பிணைக்கும் நாணும் வேலையின்றி விடப்பட்டால் நாளுக்கு நாள் வலுக்குன்றும். மூன்று கிழமை ஓய்ந்திருந்தவன் நோ தணிந்தது கண்டு பழைய பாரத்தையே மீண்டும் எடுப்பான். வலுக்குன்றிய நாண் அதைத் தாங்காது. நோ முன்னிலும் கடுமையாகத் திரும்பும். இச்சக்கரத்திலே அகப்பட்டு இரண்டு ஆண்டில் விளையாட்டைக் கைவிட்ட இளைஞர்களை நாம் அறிவோம்.

இங்கே பாட்டிமாரின் வைத்தியத்தையும் ஒரு சொல்லாற் கவனித்தல் வேண்டும். தைலம் பூசி உருவிவிடுவதும், நொச்சியிலையை வாட்டி ஒத்தணம் பிடிப்பதும் நோவைத் தணிப்பது பொய்யன்று. அது ஏன் என்பதற்கு 1965 ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் அறிஞர் இருவர் ஒரு விளக்கம் தந்தனர். முள்ளந்தண்டினூடே செல்லும் முண்ணாணிலே ஒரு படலை இருப்பதாக வைத்துக்கொள்க. நோவின் செய்தி அப்படலையைக் கடந்தே மூளைக்கு ஏற வேண்டும். தோலைத் தேய்க்கும்போதும் அழுத்தும்போதும் எழும் உணர்ச்சி வேறு நரம்புகளின் வழியே வந்து படலையைச் சற்றே சாத்திவிடுகின்றது. கதவிலே முழங்கையை இடித்துக்கொண்டவன் உடனே அவ்விடத்தைத் தேய்ப்பது இதனாலேயே. இயன்மருத்துவர் கைகொண்டு பிசைவதும், மெல்லிய மின்னோட்டத்தைத் தோலிலே செலுத்துவதும் பெரிதும் இப்படலையையே நாடுகின்றன. படலை சாத்தப்பட்டிருக்கும் நேரம் சொற்பம். நாணின் வலு அதனால் ஒரு நூலளவும் கூடாது. உருவிவிடுவதோடு சிகிச்சை முடிந்தது என்று எண்ணுபவர் வாசலிலேயே நின்றுவிட்டவராவர்.

வாசலைக் கடந்து உள்ளே அழைத்துச் சென்றவருள் ஒருவரை இங்கே குறிப்பிடுதல் தகும். இயன்மருத்துவம் பிரித்தானியாவிலே 1894 ஆம் ஆண்டு தாதியர் நால்வர் கூடி அமைத்த உருவற்சிகிச்சைச் சங்கமொன்றிலிருந்து வளர்ந்தது. காயப்பட்ட காலுக்குப் பாரம் ஏற்றலாம் என்று சொல்லும் துணிவு நெடுங்காலம் பலருக்கு வரவில்லை. இலேசான அசைவையே பன்முறை செய்வித்தார்கள். தோமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க வைத்தியர் இளமையில் வாதக் காய்ச்சலுற்றுக் கட்டிலிலே கிடந்தவர். எழுந்த பின்னர்ப் பாரந்தூக்கித் தம் உடலைத் தாமே கட்டியெழுப்பியவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சிக்காகோவிலே இராணுவ வைத்தியசாலையிற் பணிபுரிகையில், முழங்காற் சத்திரசிகிச்சைக்குப் பின் மாதக்கணக்காகத் தேறாது கிடந்த சிப்பாய்களுக்குத் தம் அநுபவத்தையே மருந்தாக்கினார். 1945 ஆம் ஆண்டில் அதனை வைத்தியச் சஞ்சிகையிலும் எழுதினார். பின்னர் அவரும் ஆதர் வொற்கின்ஸ் என்பவரும் சீர்செய்த முறை மிக எளிது. பத்துமுறை மட்டுமே தூக்கக்கூடிய பாரம் எதுவென முதலிற் காண்க. அது 20 கிலோவாயின், முதலில் 10 கிலோவைப் பத்துமுறை, அடுத்து 15 கிலோவைப் பத்துமுறை, கடைசியில் 20 கிலோவைப் பத்துமுறை தூக்குக. வலு ஏற ஏறப் பாரத்தையும் ஏற்றுக. இன்று உடற்பயிற்சிக்கூடந்தோறும் பிள்ளைகள் மூன்று சுற்று, பத்துமுறை என்று எண்ணும் எண்ணுக்கு மூலம் இவ்வைத்தியசாலைக் கட்டில்களே என்பதை அவர்கள் அறியார்.

நாண் நோவுக்கு வந்த வைத்தியம் இதனினும் வியப்பானது. சுவீடனிலே ஊமியோ நகரத்து என்புச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஹாக்கன் அல்பிரெட்சனுக்குக் குதிக்காலின் மேலுள்ள பெருநாணிலே நெடுநாள் நோ. அறுத்துச் சீராக்குமாறு தம் மேலதிகாரியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். நாண் முற்றாகப் பழுதுபட்டாலாவது அறுப்பார்கள் என்றெண்ணி, நோகும் குதியின்மேலே வேண்டுமென்றே பாரத்தை ஏற்றி இறக்கினாராம். நாண் அறவில்லை, நோதான் அகன்றது! இக்கதையை அவரே பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார். 1998 ஆம் ஆண்டு, சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த ஓட்டப் பிரியர் பதினைவரைக் கொண்டு அவர் குழுவினர் இதனைச் சோதித்தனர். படியின் விளிம்பிலே முன்பாதத்தை ஊன்றிக் குதியை மெல்லத் தாழ்த்துதல், முழங்காலை நிமிர்த்தி மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, சுற்றுக்குப் பதினைந்து, நாளுக்கு இருவேளை. ஆக நாளொன்றுக்கு 180 முறை. எளிதாகிவிட்டால் முதுகுப்பையிலே பாரம் சேர்த்தல். பன்னிரண்டு வாரத்தில் பதினைவரும் பழையபடி ஓடினர். பின்வந்த ஆய்வுகளில் வெற்றி இத்துணை முழுமையாக இல்லாவிடினும், நோகும் நாணுக்கு அளந்த பாரமே மருந்து என்னும் கருத்து நிலைத்துவிட்டது.

பளுதூக்குபவனுக்கு அக்கருத்துப் பயன்படுவது முழங்காலிலே. முழங்காற் சில்லுக்குக் கீழேயுள்ள நாண், ஆழக் குந்தியெழும் வீரருக்கு அடிக்கடி நோவது. 2009 ஆம் ஆண்டு டென்மார்க்கில் மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள்: ஸ்ரீரொயிட் ஊசி, சரிந்த பலகையிலே ஒற்றைக்காலிற் குந்துதல், பாரத்தை மிக ஆறுதலாகத் தூக்குதல். பன்னிரண்டு வாரத்தில் மூன்று சாராருக்குமே சுகம் தெரிந்தது. அரையாண்டு கழிந்தபோது ஊசி போட்டவர்கள் பின்னடைந்துவிட்டனர். ஆறுதலாகப் பாரந்தூக்கியவரிடையே மனநிறைவு மிகுந்திருந்தது. ஊசியை நாடி ஓடும் பெற்றோர் இதனை நினைவில் வைத்தல் நலம். ஆறுதலாக என்பது இறங்க மூன்று நொடி, எழ மூன்று நொடி. வாரத்தில் மூன்று நாள். பதினைந்துமுறை தூக்கக்கூடிய பாரத்திலே தொடங்கி, ஆறுமுறை மட்டுமே தூக்கக்கூடிய பெரும்பாரத்துக்குப் படிப்படியாகச் செல்வர். அசையாது தாங்கி நிற்றலும் ஒரு முறை. 2015 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிற் கரப்பந்தாட்ட வீரர் அறுவரை வைத்து நிகழ்ந்த சிறிய ஆய்வொன்றில், முழங்காலை அசைக்காமல் 45 நொடி வீதம் ஐந்து முறை தாங்கியபின் முக்கால் மணி நேரம் நோ பெரிதும் தணிந்திருந்தது. எல்லாருக்கும் அவ்வாறே பலிக்கவில்லை எனினும், போட்டிக்கு முன்னர் மாத்திரையைத் தேடும் கை முதலில் இதனைச் செய்து பார்க்கலாம்.

நோவோடு தூக்கலாமா என்பதே பிள்ளைகள் கேட்கும் நேர் வினா. நாண் நோவைப் பொறுத்தமட்டில் சுவீடன் இயன்மருத்துவர் வகுத்த அளவுகோல் ஒன்று பயன்படும். நோவில்லாமை சுழி, தாங்கவொண்ணாத நோ பத்து. பயிற்சியின்போது ஐந்து வரை பொறுக்கலாம். பயிற்சி முடிந்த பின்னரும் மறுநாட் காலையிலும் அது ஐந்தைக் கடத்தலாகாது. நோவும் விறைப்பும் கிழமைக்குக் கிழமை ஏறுதலுங் கூடாது. ஏறினாற் பாரம் மிகை; குறைக்க. 2007 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், இவ்வளவுகோலைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓட்டத்தையும் பாய்ச்சலையும் விடாது தொடர்ந்தவர்கள், ஆறு வாரம் அவற்றை நிறுத்தி வைத்தவர்களிலும் பார்க்கத் தாழ்ந்துவிடவில்லை. இதற்கு வேண்டியது ஓர் அப்பியாசக் கொப்பி. தூக்கிய பாரம், எத்தனை முறை, அன்றைய நோவின் எண், மறுநாட் காலை எண் ஆகிய நான்கையும் நாள்தோறும் எழுதிவரும் மாணவன் இயன்மருத்துவரின் வேலையிற் பாதியைத் தானே செய்துவிடுகின்றான்.

குறைப்பது என்றால் பாரத்தைக் குறைப்பது ஒன்றுதான் என்பதில்லை. இயன்மருத்துவரின் கைத்திறன் இங்கேதான் புலப்படும். தரையிலிருந்து தூக்கும்போது நாரி நோகுமாயின், இரும்புத் தண்டை மரக்குற்றிகளின்மேல் வைத்து முழங்காலளவிலிருந்து தூக்கச் செய்வார். படுத்துத் தள்ளும்போது தோள் நோகுமாயின், கைகளைச் சற்று நெருக்கிப் பிடிக்கச் சொல்வார். அல்லது மார்பின்மேலே ஒரு பலகையை வைத்துத் தண்டு முழுவதும் இறங்காமற் காப்பார். குந்தும்போது முழங்கால் நோகுமாயின், பின்னே ஒரு பெட்டியை இட்டு ஆழத்தைக் குறைப்பார். நோகும் ஒரு சாண் தூரத்தை மட்டும் சில வாரம் விலக்கிவைத்து, எஞ்சிய தூரம் முழுவதிலும் வலுவைக் காத்து, விலக்கியதைப் பின்னர் விரலளவாகத் திருப்பிக் கொடுப்பார். விளையாட்டை விட்டுவிடு என்று சொல்லிவிடுதல் எவர்க்கும் எளிது. அதைச் சொல்லாமற் சுகப்படுத்துதல் அரிது.

பயிற்சிக்கு மறுநாள் வரும் உளைவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது 24 முதல் 72 மணி நேரத்துள் உச்சமடைந்து தானே நீங்கும். தசையிலே இலற்றிக் அமிலம் தேங்குவதாலேயே அது வருகின்றது என்று நாமெல்லாம் பாடசாலையிற் படித்தோம். அவ்வமிலமோ ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அகன்றுவிடுகின்றது. பனிக்கட்டியின் கதையும் இப்படியே மாறியிருக்கின்றது. காயத்துக்கு ஓய்வு, பனிக்கட்டி, அழுத்துக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஒரு சூத்திரமாக்கி 1978 ஆம் ஆண்டு எழுதிய அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதிக்கக்கூடும் என்று 2014 இல் தாமே திருத்திக்கொண்டார். பயிற்சி முடிந்தவுடன் பனிநீர்த் தொட்டியிலே அமர்வதை வழக்கமாக்கியவர்களுக்குத் தசை வளர்ச்சியும் வலுவும் குறைவாகவே கிடைத்தன என்று அவுஸ்திரேலிய ஆய்வொன்று 2015 இற் காட்டிற்று.

இனி நாரி. நாரி நொந்ததும் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பது இப்போது வழக்கம். படத்திலே இடைத்தட்டு தேய்ந்திருப்பதாக எழுதிவிட்டால் வீடே கலங்கிப்போகின்றது. நோ எதுவுமில்லாத 3110 பேரின் படங்களைத் திரட்டி 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இருபது வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேரிடமும் எண்பது வயதினரில் 96 பேரிடமும் இத்தேய்வு காணப்படுவதாகச் சொல்கின்றது. நரை தோன்றுவதுபோல் அதுவும் பெரும்பாலார்க்குத் தோன்றுவதே. படம் தேவையற்றது என்பது நம் கருத்தன்று. இருபது வயதுப் பிள்ளையின் காதுபடவே “முள்ளந்தண்டு போய்விட்டது” என்று உரைப்பது, படம் காட்டாத ஓர் அச்சத்தை அவனுள்ளே நட்டுவிடும் என்பதே நம் கருத்து.

படம் மெய்யாகவே பழுதைக் காட்டிய வீரனும் உண்டு. அமெரிக்க வலுதூக்கல் வீரர் பிறயன் கறோலுக்கு நாரி முள்ளென்புகளிலும் அவற்றின் கீழுள்ள திருவென்பிலும் முறிவு. 2013 ஆம் ஆண்டு அவர் கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழக முள்ளந்தண்டு ஆய்வாளர் ஸ்ருவட் மக்கில்லிடம் சென்றார். மக்கில் முதலிற் செய்தது பாரத்தை முற்றாக விலக்கி, நாற்காலியிலிருந்து எழுவது முதலாக நோவைக் கிளறும் ஒவ்வோர் அசைவையும் கண்டுபிடித்து மாற்றியதே. என்பு பொருந்தும் வரை பொறுக்க வேண்டும். அங்கே ஐந்து எண் அளவுகோலுக்கு இடமில்லை. பயிற்சியாகக் கொடுத்தவை மூன்று: மல்லாந்து கிடந்து, நாரியின்கீழ்க் கைகளை வைத்துத் தலையையும் தோளையும் சிறிதே உயர்த்துதல், ஒருக்களித்து முழங்கையூன்றி இடுப்பை உயர்த்தித் தாங்குதல், நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுதல். ஒவ்வொன்றும் பத்து நொடியளவே. மலையைத் தூக்கிய மனிதனுக்குக் குழந்தைப் பயிற்சி! பொறுமை பலித்தது. இருவருஞ் சேர்ந்து 2017 ஆம் ஆண்டு இதனை நூலாக வெளியிட்டனர். 2020 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கறோல் 1306 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 592 கிலோ, பாரத்தைத் தோளிலே தாங்கிக் குந்தியெழுந்தார். உடலை இறுக்கித் தாங்கும் சிறப்பு உடையணிந்து தூக்கும் பிரிவிலே அவர் செய்த சாதனை அது. எல்லாருக்கும் இம்முடிவு கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. பல்லாண்டு பாரந்தூக்கிப் பழகிய உடம்பு அது.

இவற்றையெல்லாம் பிள்ளைக்கு அளந்து கொடுக்க வேண்டியவர் பயின்ற இயன்மருத்துவர். கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் இது பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவருட் சிலராவது இதனை நாட வேண்டும் என்பது நம் அவா.

இயன்மருத்துவருக்கும் காத்திராமல் நேரே வைத்தியசாலைக்கே கொண்டுசெல்ல வேண்டிய நிலைகளும் உள. தூக்கும்போது ‘படார்’ என்ற ஓசையோடு தசை சுருண்டு மேலேறிவிடுதல், மூட்டு உருக்குலைதல், கால் மரத்து வலுவிழத்தல், இரவிலே படுத்திருக்கும்போதும் தணியாத நோ, நோவோடு காய்ச்சல், கடும்பயிற்சியின் பின் சிறுநீர் தேநீர்ச் சாயம்போற் கறுத்துப் போதல் ஆகியவை கண்டால் தாமதித்தல் ஆகாது. நாரி நோவோடு சலம் கழிப்பதிலே தடையுற்றாலோ, இருக்கும் இடத்தைச் சூழ உணர்ச்சி குன்றினாலோ, விடியட்டும் என்று பாராது அந்த மணி நேரத்திலேயே கொண்டு செல்க.